உட்காரலாம் என்று துரை சொன்னார்

அக்கா வீட்டில் கால் வைத்ததும் எனக்குக் கிடைத்தது காபி அல்ல, அதட்டல். பெட்டியை இறக்கிவிட்டு முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தேன். முருங்கை மரத்துக்கும் குளியலறைத் தகரத்துக்கும் நடுவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி நட்டிருந்தது. தலையில் சிவப்புப் பெயிண்ட். துண்டைத் தொங்கவிட வசதியாக இருக்கிறதே என்று அதன்மேல் போட்டேன். அவ்வளவுதான், அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"எடு பாப்பா, எடு. அது கவர்மெண்டு குச்சி."

துண்டை எடுத்ததோடு விடவில்லை. ஈரம் பட்ட பெயிண்டை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பெயிண்ட் போனால் யார் அழித்தது என்று ஜீப்பில் வந்து கேட்பார்களாம். ஒரு கோழி குச்சியின்மேல் ஏறப் பார்த்தது. அதையும் விரட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வாரத்தில் அப்படிச் சிரித்தது அது ஒரு தடவைதான்.

சூசையம்மாள் அக்கா எனக்கு வெகுவாக மூத்தவள். கொள்ளிடம் கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து கல்யாணமாகி, மலாய் நாட்டுக் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அவள் கப்பலேறியபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. மாமா மார்வலியில் போன பிறகும் அவள் அங்கேயே ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, ஒரே மகள் ஜெசிந்தாவை வளர்த்தாள். எண்பதுகள் முடியப்போகிற சமயத்தில் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. தாய்வீட்டிலிருந்து சித்தி என்று ஒருத்தியாவது போய் நிற்க வேண்டாமா என்று வீட்டில் பேசி, கூறைச்சேலையைக் கையில் கொடுத்து என்னை அனுப்பிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். வாய் கொஞ்சம் அதிகம் என்று ஊரில் பெயர். அந்த வாயையும் சேர்த்துத்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஜெசிந்தாதான் குச்சியின் கதையைச் சொன்னாள். மேலே மலைப்பக்கம் காட்டை அழித்துவிட்டார்கள். மழை பெய்தால் மண் கரைந்து ஆற்றுக்கு வருகிறது. ஆறு மேடாகி, டவுன் கடைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறுகிறது. அதனால் டவுனுக்கு மேலேயே ஆற்றை வெட்டி, சேற்றுத் தண்ணீரை ஒரு புதுக் கால்வாயில் திருப்பி, யான் என்கிற ஊரின் கடற்கரையில் கொண்டுபோய் விடப் போகிறார்கள். சேறு அங்கே படிந்து புது நிலம் ஆகுமாம். கால்வாய் போகிற வழி இந்தத் தோட்டத்துப் பள்ளம். கொல்லையில் நிற்கிற குச்சி அதன் கரை.

"அப்படின்னா வீடு?" என்று கேட்டேன். ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

எங்கள் ஊரில் நிலைமை தலைகீழ். அணைக்கு மேல் அணை கட்டி, ஆற்றில் வண்டல் வருவதே நின்றுபோய், கடல் வந்து கரையைத் தின்கிறது என்று அழுகிறோம். இங்கே மண் அதிகம் வருகிறது என்று அழுகிறார்கள். ஆண்டவர் பங்கு பிரித்ததில் எங்கேயோ பிசகிவிட்டார் என்று சொன்னேன். ஜெசிந்தா சிரித்தாள். அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லையா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றாள் ஜெசிந்தா. இப்போது புதுச் சட்டமாம். இப்படிப்பட்ட வேலை தொடங்குமுன் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஜனங்களுக்கும் என்ன கேடு வரும் என்று அறிக்கை எழுதி, ஊர் பார்க்க வைத்து, ஊரின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டுமாம். அறிக்கை டவுன் ஆபீஸில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். தோட்டத்திலிருந்து யாரும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது எனக்கு மறுநாள் காலையில் பாதி புரிந்தது. பெரட்டு பார்க்க வேண்டும் என்று அக்காவோடு கிளம்பினேன். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் முற்றத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. சுவரோரம் நீளமாக பெஞ்சு கிடந்தது. காலியாகத்தான் கிடந்தது. வாயும் வயிறுமாக ஒரு பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு முட்டிவலி. போய் உட்கார்ந்தேன். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

தோட்டத்தை நடத்தும் மேனேஜரைத் துரை என்கிறார்கள். துரை இருக்கும் இடத்தில் தோட்டத்து ஆள் உட்காரக் கூடாதாம். வெள்ளைக்காரத் துரை போய் எத்தனையோ காலமாயிற்று. இப்போதைய துரை நம் நிறம்தான், தமிழும் பேசுவார், என்னிடம் பிரயாணமெல்லாம் சௌகரியமா என்று மரியாதையாகவே விசாரித்தார். யாரையும் நிற்கச் சொல்லி அவர் அதட்டியதில்லை. ஆனால் உட்காரச் சொன்னதும் இல்லை. அவர் சொல்லாதவரை திடலில் படம் காட்டினாலும், கோயில் திருவிழாவானாலும், அவர் கிளம்பிப் போகிறவரை ஜனங்கள் நின்றேதான் பார்ப்பார்கள். கிழவர்கள் உட்பட. அக்காவுக்கு இதில் விசித்திரமே தெரியவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் ஊரில் கலெக்டர் வந்தால் ஜீப்பின் முன்னால் படுத்துக்கொள்கிற ஆட்கள் உண்டு என்று அக்காவிடம் பெருமையடித்தேன். அவள் ரப்பர் பால் பிடிக்கிற மங்கு என்ற கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படுத்துக்கொண்டால் அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டாள். போலீஸ் தூக்கி ஓரமாகப் போடும், சாயங்காலம் விட்டுவிடும் என்றேன். இங்கே சாயங்காலம் விட மாட்டார்கள் என்றாள். கொஞ்ச காலத்துக்கு முன்புதான் நாடெங்கும் பேசத் தெரிந்த ஆட்களைப் பிடித்து, விசாரணை இல்லாமல் உள்ளே வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சையே அக்கா வாய்க்குள்தான் பேசினாள்.

மீதிப் பாதி டவுனில் புரிந்தது. ஜெசிந்தாவுக்கு ஷிஃப்ட் இல்லாத நாள். கல்யாணச் சாமான் வாங்குகிற சாக்கில் அறிக்கையையும் பார்த்துவிடலாம் என்று மூவரும் பஸ் ஏறினோம். பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. டிரைவர் பதறவே இல்லை. இறங்கிப் போய் எதிர்க் கடையில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட்டார். நாங்களும் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டோம். மைதா மாவைக் கைக்குட்டைபோல் வீசி வீசிப் பரத்தி, மடித்துச் சுட்டு, மீன் குழம்பில் போட்டுத் தருகிறார்கள். நம்மூர்ப் பரோட்டா கொஞ்சம் கல்லாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன்.

ஆபீஸில் அறிக்கை இருந்த அறைக்குள் போக ஒரு விதி. வாசல் கவுண்டரில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, படித்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். புத்தகத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக யாரோ போட்ட விதியாக இருக்கும். அக்கா கவுண்டரைக் கண்டதும் நின்றாள். ரவிக்கைக்குள் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கும் அட்டையை வெளியிலிருந்தே கையால் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் ஒரு அடி வரவில்லை.

அவள் அட்டை சிவப்பு. அதாவது அந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. ஜெசிந்தா அங்கேயே பிறந்தவள், அவளுடையது நீலம். சிவப்பு அட்டைக்காரிக்குத் தோட்டத்துக்கு வெளியே வேலை வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். அரசாங்கத்தின் மலிவு வீட்டுக்கு மனுப் போட முடியாது. அக்கா நீலத்துக்கு எழுதிப் போட்டு, அதற்காக ஜெசிந்தாவிடம் மலாய்ப் பாடம் படித்து, அலோர் ஸ்டாரில் நேர்காணலும் முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். கால்வாய் வந்தால், கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடு போகும், சிவப்பு அட்டைக்கு வேறு வீடு கிடையாது. கால்வாய் வேண்டாம் என்று வாயைத் திறந்தால் நீலம் வராமல் போகலாம். அறிக்கையைப் படிக்கப் போனதையே யாராவது எழுதி வைத்துக்கொண்டால்? தோட்டத்தில் பாதிப்பேர் கையில் சிவப்பு அட்டைதான்.

நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். காவலாளி அதைப் புரட்டிவிட்டு, வெளிநாட்டுக்காரர் இதைப் படித்து என்ன செய்யப் போகிறார் என்று ஜெசிந்தாவிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிப் பைக்குள் போட்டேன். ஜீப்பின் முன்னால் படுப்பதைப் பற்றி அதன்பிறகு நான் பேசவில்லை.

ஜெசிந்தா மட்டும் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தவள் முகம் சரியில்லை. பஸ் ஸ்டாண்டில், கோப்பிக் குவளையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். அறிக்கையில் பெரிய வரைபடம் இருக்கிறது. அதில் தோட்டம் முழுக்கப் பச்சை வண்ணம். ரப்பர் என்று எழுதியிருக்கிறது. கால்வாய் போகிற வழியில் குடியிருப்பு எதுவும் இல்லை என்று கீழே ஒரு வரி. லயங்கள் கம்பெனியின் கட்டடம். தனியாக ஊர், மலாய்க் கிராமமான கம்பம் என்று எதிலும் சேராது. அதனால் மரங்களோடு சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

"நாம அதுல இல்லம்மா."

 தேங்காய்ப் பால் சோற்றை நெத்திலிச் சம்பலோடு வாழையிலையில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், அதை அக்கா எனக்கென்று வாங்கி வைத்திருந்தாள். ஆறிப்போகும், சாப்பிடு என்று என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த நாள் கல்யாண விருந்துக்கு மீன் சொல்லிவைக்க அக்காவும் நானும் யான் பக்கம் போனோம். ஜெராய் மலை ஒரு பக்கம், கண்ணுக்கெட்டியவரை நெல் வயல் மறுபக்கம். கொஞ்ச நேரம் நான் கெடாவில்தான் இருக்கிறேனா, எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில்தான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. வயலுக்கு நடுவில் டாக்சி புகை கக்கி நின்றது. டிரைவர், வயதான மலாய்க்காரர், எங்களை ஒரு சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார்.

கொட்டகையில் இரண்டு பேர் கிராங் என்கிற சிப்பியை அவித்து, உடைத்துச் சாப்பிட்டபடி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா காதில் விழுந்ததை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சேறு வந்தால் கிராங் படுகை மூச்சுமுட்டிச் சாகும் என்றார் ஒருவர். ஊர் அபிப்பிராயம் கேட்கிற கூட்டத்தில் போய்ச் சொல்லேன் என்றார் மற்றவர். "நீ சொல்லு. எனக்குப் படகு லைசென்ஸ் இருக்கிறது" என்றாராம் முதலாமவர். அதற்குள் நாங்கள் கேட்பது தெரிந்துவிட்டது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அக்காவும் பதிலுக்கு, ஆமாம், மழை வரும்போல இருக்கிறது என்றாள். பயத்தில் மலாய்ப் பயம், தமிழ்ப் பயம் என்று வித்தியாசம் இல்லை. அந்தக் கிராங்கை நானும் ஒன்று தின்றுபார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் வீடு திரும்பியபோது கிராணி லயத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். மறுநாள் டவுன் மண்டபத்தில் கூட்டம். லாரி வரும். துரை சொல்கிறார், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். யாரும் எதுவும் பேச வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம், அமைதியாக இருந்துவிட்டு வந்தால் போதும். அவர் போனபின் பக்கத்து வீட்டு லெட்சுமியும் அவள் புருஷன் மாரிமுத்துவும் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நிலத்துக்குக் கம்பெனிக்கு நல்ல விலை வரப்போகிறதாம், தோட்டத்து ஜனங்களே சம்மதித்து வந்திருந்தார்கள் என்று காட்டத்தான் இந்த லாரி என்றார் மாரிமுத்து. போகாவிட்டால் என்ன என்று கேட்டேன். நால்வரும், ஜெசிந்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு ஷிஃப்ட். அதனால் அக்காவுக்குத் துணையாக நான் லாரியில் ஏறினேன். கிராணி ஒன்றும் சொல்லவில்லை, தலைக்கணக்கில் ஒன்று கூடினால் அவருக்கு லாபம்தான். வழியில் லாரி சேற்றில் புதைந்தது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். கல்யாணத்துக்கென்று நான் கொண்டுவந்த செருப்பு சேற்றோடு போயிற்று. நல்ல சகுனம் என்று லெட்சுமி மட்டும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் நுழையும்போது கூட்டம் தொடங்கியிருந்தது. முன்வரிசையில் டவுன் கடைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் யான் பக்கத்து விவசாயிகளும் மீனவர்களும். கொட்டகையில் பார்த்த இருவரும் இருந்தார்கள். கடைசி வரிசைகளில் இரும்பு நாற்காலிகள் எங்களுக்காகவே காலியாகக் கிடந்தன. ஆனால் வாசல் சுவரோரம் துரை நின்றுகொண்டிருந்தார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே எங்கள் ஆட்கள் நாற்காலிகளைத் தாண்டிப் போய், பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன்.

கூட்டத்தை நடத்தியது கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. சின்ன வயசு, இனிமையான பேச்சு. உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது என்று எங்களைப் பார்த்து இரண்டு தடவை மலாயில் சொன்னார். எங்கள் ஆட்கள் சிரித்து, தலையாட்டி, நின்றபடியே நின்றார்கள். அவர் சொன்னால் எப்படி? அவர் துரை இல்லையே.

வெளிச்சம் போட்டுப் படம் காட்டினார்கள். அதே பச்சை வரைபடம் சுவரில் தொங்கியது. ஒரு சீனக் கடைக்காரர் எழுந்து, வெள்ளத்தில் தன் அரிசி மூட்டைகள் அழுகிப்போனதைச் சொன்னார், அவருக்குக் கால்வாய் இன்றைக்கே வேண்டும். அவர் கஷ்டமும் பொய்யில்லை. கிராங் மீனவர் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார், உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த அதிகாரி, நேரமாகிறது, மண்டபத்தின் மனது எனக்குத் தெரிய வேண்டும், திட்டத்தை ஏற்பவர்கள் அப்படியே உட்கார்ந்திருங்கள், வேண்டாம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்.

மலாய் தெரியாத எனக்கு அது உடனே விளங்கவில்லை. அவருடைய உதவியாளர் ஒருவர் பேனாவை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். முன்னால் மூன்று நான்கு பேர். அப்புறம் நேராக எங்கள் சுவருக்கு வந்து, ஒருவர் விடாமல் எண்ணத் தொடங்கினார். என்னையும் எண்ணினார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிக்கறவங்க எல்லாம் வேணாங்கறவங்களாம் பாப்பா."

வரிசையில் அது காதுக்குக் காது ஓடியது. ஒவ்வொரு முகமாக வெளுத்தது. எங்கள் கண்கள் எல்லாம் துரையிடம் போயின. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அதிகாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையைக் கீழ்ப்பக்கமாக ஆட்டினார். யாருக்கும் அந்தச் சைகை பழக்கமில்லை. கடைசியில் தமிழில், மண்டபம் கேட்கும்படி சொன்னார்.

"உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க."

அந்த ஜனங்கள் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. மாரிமுத்து உட்கார்ந்தார். லெட்சுமி உட்கார்ந்தாள். எல்லாரும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்கள். அக்கா உட்காரவில்லை.

 வாய்கிழியப் பேசிய நான்தான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீல அட்டை, நீல அட்டை என்று காதுக்குள் சொன்னேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீ உக்காரு பாப்பா. நீ ஊருக்குப் போறவ."

நான் உட்கார்ந்தேன். பின்சுவரில் அவள் ஒருத்திதான் நின்றாள்.

அதிகாரி, அம்மாவுக்குப் புரியவில்லைபோல என்று நினைத்து, மறுபடி மெதுவாகச் சொன்னார். புரிகிறது என்றாள் அக்கா, மலாயில். நேர்காணலுக்கென்று ஜெசிந்தாவிடம் படித்த மலாய் அது, திருத்தமாக வந்தது. நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் நடந்து போனாள். வரைபடத்தின் பச்சையில், தொடாமல், விரலை நீட்டினாள். அவள் சொன்னதைப் பிறகு அவளே எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பச்சையில வீடுங்க இருக்கு. நாங்க இருக்கோம். எங்க வீட்டுக் கொல்லையிலதான் உங்க குச்சி நிக்குது. நான் அதைத் தொட்டது கெடையாது."

எத்தனை வீடு என்று அதிகாரி கேட்டார். கேள்வி அக்காவிடம்தான், பதில் வாசல் பக்கத்திலிருந்து வந்தது. கம்பெனிக் குடியிருப்பு, நிலக்கணக்கிலேயே சேர்ந்துவிட்டது என்றார் துரை. அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்து பென்சிலை எடுத்து அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா விரலை நகர்த்த நகர்த்த, அவர் பச்சையின்மேல் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டுக்கொண்டு வந்தார். மேல் லயம், கீழ் லயம், பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகை, கோயில், எங்கள் சின்ன ஜெபக்கூடம். 

பிறகு பெயர் கேட்டார். அடையாள அட்டையும் கேட்டார். அக்கா சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரவிக்கைக்குள்ளிருந்து உறையை எடுத்து, சிவப்பு அட்டையை மேசைமேல் வைத்தாள். இரண்டு நாளைக்கு முன் கவுண்டரில் கொடுக்காத அட்டை. எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. லெட்சுமி எழுந்து நின்றாள். மாரிமுத்து அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவள் உட்காரவில்லை. யான் பக்கத்தில் அந்தக் கிராங்காரரும் எழுந்தார். வேறு யாரும் எழவில்லை.

திரும்பும்போது லாரியில் அக்காவைச் சுற்றி இடம் இருந்தது. காலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் சற்றுத் தள்ளித் தள்ளி நின்றார்கள். கோபமில்லை, பயம்தான்.  பாதி வழியில் அக்கா கம்பிக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"நீலம் போயிருச்சா பாப்பா?"

ஊரில் பிள்ளைகள் எது கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அன்றைக்கு அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். 

மறுநாள் பெரட்டில் துரை அவள் பெயரை வழக்கம்போலக் கூப்பிட்டாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் தேவலை என்றாள் அக்கா. செம்மண் ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். ரொட்டிக்காரன், மீன்காரன், யார் வந்தாலும் அப்படித்தான். நான் பாஸ்போர்ட்டை எடுத்து விசா முடிகிற தேதியைப் பார்த்தேன், எத்தனை தடவை பார்த்தாலும் அதே தேதிதான். பயத்தோடு இட்லிக்கு மாவரைத்தோம், பயத்தோடு பலகாரம் சுட்டோம். கல்யாண வீடு அதிரசத்துக்குப் பாகு வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தல் போட மாரிமுத்து வந்தார். கூட்டம் முடிந்ததிலிருந்து அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. லெட்சுமி அனுப்பியிருப்பாள். முகத்தைப் பார்க்காமலே மூங்கிலை நட்டார், கித்தானை விரித்தார். கொல்லையில் சமையலுக்கு நிழல் வேண்டும். மூன்று மூலை கட்டியாயிற்று, முருங்கையில் ஒன்று, குளியலறைத் தகரத்தில் ஒன்று, கழியில் ஒன்று. நாலாவது கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கட்டுவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு கழி வெட்டிவரட்டுமா என்று கேட்டார்.

அக்கா அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். குச்சிமேல் உட்கார்ந்திருந்த கோழியைத் தள்ளிவிட்டு, அதைக் காட்டினாள்.

"அக்கா, அது கவர்மெண்டு குச்சிலா."

ரோட்டில் எங்கேயோ ஒரு மோட்டார் வந்துகொண்டிருந்தது. மூவரும் அது போகிறவரை அசையாமல் நின்றோம். போயிற்று. அக்கா அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி, குச்சியில் தானே ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் போட்ட முடிச்சு நிற்கவில்லை. கயிற்று நுனியை மாரிமுத்துவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இழுத்துக் கட்டு தம்பி. காத்து அடிக்கும்."